கன்னத்தில் ஆணி

அத்தியாயம் பதினான்கு

பட்டறையின் ஷட்டரை மேலே தள்ளியதும் உள்ளேயிருந்து வந்த வாடை அவளைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. பசை, தேங்காய் நார், புது ரெக்ஸின். அப்பா குளித்துவிட்டு வந்த பிறகும் அவர் காது மடலுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் வாடை.

அவள் கையில் பழுப்புத் தாள் சுற்றிய படம் இருந்தது. மாலையில் அப்பாவை நினைவுகூர எல்லோரும் இங்கே கூடுகிறார்கள்.

இங்கேதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். நல்ல ஹாலாகப் பார்க்கலாம் என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அவரு ஹால்லயா இருந்தாரு?" என்று கேட்டுவிட்டு அம்மா போய்ப் படுத்துக்கொண்டாள்.

அப்பா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பத்திரிகையில் கொடுத்த இரங்கல் விளம்பரத்தில் அப்பாவின் பெயருக்குக் கீழே "இன்டீரியர் டிசைனர்" என்று போடச் சொன்னவள் மகள்தான். அதைப் படித்துவிட்டு, அப்பாவோடு காலமெல்லாம் சோபாவும் மெத்தையும் தைத்தவர்கள் காரியத்தன்று வீட்டுத் தெருமுனை வரைக்கும் வந்து நின்று, "நாம போய் நின்னா பொண்ணுக்குச் சங்கடமா இருக்கும்" என்று அப்படியே திரும்பிப் போயிருக்கிறார்கள். போன வாரம் தம்பி சொல்லித்தான் இது அவளுக்குத் தெரியும். சொன்னதோடு சரி. அதன் பிறகு அவன் அவளிடம் தேவைக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

இப்போதும் அவன் திரும்பிப் பார்க்காமல் ஒரு நீளமான சிவப்பு சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தான். பட்டறையில் இருந்த எல்லாவற்றையும் வட்டமாகப் போட்டிருந்தான். வேலை முடிந்து வீடு போகக் காத்திருக்கும் சோபாக்கள், ஒற்றை இருக்கைகள், டாக்டர் கிளினிக்கிலிருந்து வந்து, முதுகு தைத்து அடிப்பக்கம் தைக்காத ஒரு நாற்காலி.

"இதுலயா உக்கார வைக்கப்போற?" என்றாள்.

"ஏன்?"

"எங்க மாமியார் வீட்டுல எல்லாரும் வர்றாங்கடா. நாற்காலி வாடகைக்கு எடுத்துரலாமே."

தம்பி நிமிர்ந்தான். அப்பாவைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றான். "உங்க மாமியார் வீட்டுல எப்படிக்கா, நின்னுக்கிட்டேவா இருப்பாங்க? உக்காரத்தானே இதையெல்லாம் செய்யுறோம்."

அவள் படத்தை மேஜைமேல் வைத்து, சுற்றியிருந்த தாளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது கணவர்தான் முதலில் கேட்டார். அப்பா என்ன செய்கிறார் என்று. "இன்டீரியர்" என்றாள். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அன்றைக்கு அது முழுப் பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குள் கிடக்கும் சோபாதானே, உள்ளே இருப்பதுதானே என்று தனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கட்டிக் காக்க எவ்வளவோ வந்து சேர்ந்தது. பட்டறை "அப்பாவோட யூனிட்" ஆனது. தம்பி "பிசினஸைப் பார்த்துக்கிறான்" ஆனான். கணவர் அதை நம்பியதோடு விடவில்லை. "எங்க மாமனார் டிசைனர்" என்று நாலு பேரிடம் சந்தோஷமாகச் சொல்லவும் செய்தார். அதுதான் அவளை உள்ளே அரித்தது. அவர் கோபக்காரர் இல்லை. பொய் என்று தெரிந்தால் கத்தமாட்டார், சண்டை போடமாட்டார். எழுந்து போய்விடுவார். சொந்த அண்ணனிடமே அப்படி எழுந்து போய், வருஷக்கணக்காகப் பேசாமல் இருப்பவர்.

இன்றைக்கு மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் நாக்கு நுனியில் இரும்பு ருசி தட்டியது.

அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி. எப்போதெல்லாம் தன்னைப் பார்த்துத் தனக்கே கூச்சம் வருகிறதோ, அப்போதெல்லாம் இரும்பு ருசிக்கும்.

அப்பா வேலை செய்யும்போது குட்டி ஆணிகளை ஒரு கொத்தாக வாயில் போட்டு இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு ஒன்றொன்றாக உதட்டுக்குத் தள்ளும். சுத்தியலின் காந்த முனை அதைக் கவ்வும். மறு நொடி அது துணியில் இறங்கியிருக்கும். சில நாள் வேலை மும்முரத்தில், வாயில் ஆணி இருப்பதே மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவார். பல் வலிக்காரர் மாதிரி ஒரு பக்கம் உப்பிய கன்னத்தோடு வாசலில் நிற்பார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கதவோரம் ஒரு தகர டப்பா உண்டு. குனிந்து அதில் துப்புவார். க்ளிங், க்ளிங். அதற்குப் பிறகுதான் "சாப்டியா?" என்று குரல் வரும்.

அதனால் அந்த வீட்டில் யாராவது மென்று முழுங்கிப் பேசினால், "ஆணியைத் துப்பிட்டுப் பேசு" என்பார்கள். வேறு வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது.

அம்மா வந்து சேர்ந்தாள். கைப்பையோடு அந்த டப்பாவையும் கொண்டுவந்திருந்தாள். மேஜைமேல் அதை வைத்துவிட்டு, மகள் தாளைப் பிரித்து நிறுத்தியிருந்த படத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"யாரு இவரு?"

"அப்பாம்மா."

"கோட்டு யாருது?"

"போட்டோக் கடையில போட்டுக் குடுத்தாங்க. எல்லாரும் அப்படித்தாம்மா செய்யுறாங்க."

"சரி, கோட்டை விடு. கன்னம் எங்க?"

தம்பி போன வருஷம் தன் போனில் எடுத்த படம் அது. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்த அப்பா. வாய் நிறைய ஆணி, அதனால் உதட்டைத் திறக்காமல் கண்ணால் மட்டும் சிரித்த சிரிப்பு. இடது கன்னம் சின்ன எலுமிச்சை அளவு உப்பியிருந்தது. கடைக்காரரிடம் அவள்தான் சொன்னாள், அந்த வீக்கத்தைச் சரிசெய்துவிடுங்கள் என்று. அவரும் தொழில் சுத்தமாகச் செய்திருந்தார். இரண்டு கன்னமும் ஒரே அளவு. கண் மட்டும் எதையோ அடக்கிக்கொண்டு சிரித்தது. ஏன் சிரிக்கிறது என்பதற்கான காரணம் படத்தில் இல்லை.

"இந்தக் கோட்டுக்காரர்கூட எல்லாம் நான் குடும்பம் நடத்தல" என்று சொல்லிவிட்டு அம்மா டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தெரியாத ஊரில் வழி கேட்பவள் மாதிரிச் சொன்னாள்.

*

மத்தியானத்துக்கு மேல் ஸ்பிரிங் அண்ணன் வந்தார். நெட்டையாக, நடக்கும்போது ஒரு குதி குதித்து நடப்பவர். சோபாவுக்குள் ஸ்பிரிங் கட்டுவதும் அவர்தான். இரண்டு காரணத்துக்கும் சேர்த்து அப்பா வைத்த பெயர். அப்பாவுக்கு இளையவர், ஆனால் அப்பாவோடு நின்றே தலை நரைத்துவிட்டது. புதுச் சட்டை போட்டிருந்தார். பெட்டியில் மடித்திருந்த கோடுகள் நெஞ்சின் குறுக்கே இன்னும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

"நீயே கூப்பிடச் சொன்னதா தம்பி சொன்னான்மா. ரொம்ப சந்தோஷம்" என்றார். தெருமுனையிலிருந்து திரும்பிப் போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். காலையிலருந்து கண்ணாடி முன்னால பேசிப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரி, 'கண்ணாடியே கொட்டாவி விடுது'ன்னா."

அம்மா சிரித்தாள். இந்த ஒரு மாதத்தில் அம்மா சிரித்து அவள் பார்த்ததில்லை.

"என்ன பேசப்போறீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அண்ணன் முழுங்கின ஆணி கதைதான். அது எல்லாத்தையும் சேர்த்தா ஒரு கட்டிலே செய்யலாம். அப்புறம் ஒரு தியேட்டருக்கு மொத்த சீட்டும் நாங்க ரெண்டே பேர் மாத்துனோமே, அது. ஒவ்வொரு சீட்டா உக்காந்து பார்த்துட்டுத்தான் இறங்குனாரு. 'படம் ஓடலையே, என்னத்தப் பாக்குறீங்க'ன்னு கேட்டா, 'எந்திரிச்சதும் பள்ளம் நிமிருதான்னு பாக்குறேன்'னாரு."

மகள் அவரைத் தனியாகத் தையல் மெஷின் பக்கம் கூப்பிட்டாள். கூப்பிடும்போதே இரும்பு ருசி.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்க..."

"ஆமா, வரட்டும்."

"இல்ல, இந்தப் பழைய கதையெல்லாம் ரொம்ப விரிவா வேண்டாமேன்னு. ஆணி, தியேட்டரு... நல்ல மனுஷன், உழைப்பாளி, அந்த மாதிரி பொதுவா ரெண்டு வார்த்தை."

ஸ்பிரிங் அண்ணன் அவளைப் பார்த்தார். எதையோ சொல்ல வந்தது போல உதடு அசைந்தது. பிறகு பார்வை கீழே போய், தன் சட்டையின் மடிப்புக் கோட்டில் நின்றது. அதை உள்ளங்கையால் நீவினார். அது போகவில்லை.

"சரிம்மா. நான் பேசல. எனக்கு மேடைப் பேச்சும் வராது, பாரு."

"பேச வேண்டாம்னு சொல்லல அண்ணே."

"தெரியும்மா, தெரியும். ஓரமா உக்காந்துக்கிறேன். அதுல ஒண்ணும் இல்ல."

குதி இல்லாத நடையில் அவர் போய், சுவரோரம் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். இத்தனை சோபாவை விட்டுவிட்டு மூட்டைமேல்.

அவளுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணே, நீங்களே பேசுங்க, எல்லாத்தையும் பேசுங்க என்று. கூப்பிடவில்லை. விளம்பரத்தில் போட்டது அப்பா இறந்த கலக்கத்தில் செய்தது என்று ஒரு மாதமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எந்தக் கலக்கமும் இல்லை. நல்ல தெளிவோடு, நல்ல வார்த்தை பொறுக்கி, ஒரு மனிதரை மூட்டைமேல் உட்கார வைத்திருக்கிறாள். அலுவலகத்தில் தனக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் கடினமான விஷயத்தை நயமாகச் சொல்வதில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு.

மெஷினுக்குப் பின்னாலிருந்து தம்பி எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கையிலிருந்த நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

*

வெயில் இறங்கியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தம்பி வைத்த சிவப்பு சோபாவில் கணவரும் மாமியாரும் உட்கார்ந்தார்கள். கணவர் சுற்றிலும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கத்தரிகள், வளைந்த ஊசிகள், காந்தச் சுத்தியல்.

"இதுதான் யூனிட்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"ம்."

"சின்னதா இருக்கே."

"பழசு இது" என்றாள். இன்னும் ஒரு பொய். இது ஒன்றுதான் இருந்தது, எப்போதும்.

மாப்பிள்ளை வருகிறார் என்றால் அப்பா அன்றைக்கு வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நிற்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்திருக்கும். மாப்பிள்ளைக்குக் காட்டும் மரியாதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தம்பி எழுந்து எல்லோரையும் வரவேற்றான். பக்கத்துக் கடைக்காரர் பேசினார். சொந்தத்தில் ஒருவர் பேசினார். நல்ல மனுஷன், உழைப்பாளி. பொதுவான வார்த்தைகள், யார் சட்டைக்கும் பொருந்தும் பொத்தான்கள். கோட்டுப் போட்ட படத்துக்கு அவை நன்றாகவே பொருந்தின. அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போது மாமியார் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்றேன். எந்திரிக்க முடியாது, முட்டி வலி. உக்காந்துக்கிட்டே சொல்றேன். உக்கார்றதுக்குத்தானே சம்பந்தி பாடுபட்டாரு."

மகளின் கை சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"இவங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. ரெண்டு பேரும் வெளியூர் போயிருந்தாங்க. நாங்க அப்பத்தான் வீடு மாறியிருந்தோம். மாத்துன அவசரத்துல சோபா பிஞ்சி, உக்காந்தா குத்துது. கடையில சொல்லி ஆள் அனுப்பச் சொன்னேன். கதவைத் திறக்குறேன், சம்பந்தி நிக்கிறாரு. தோள்ல பை. பக்கத்துல நெட்டையா ஒருத்தர்."

மாமியாரின் கண் சுவரோரம் போனது. "நீங்கதானே அது?"

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஸ்பிரிங் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, மிக லேசாக, ஆமாம் என்று அசைத்தார்.

அவருக்குத் தெரியும். மத்தியானம் அவள் நயமாகப் பேசிக்கொண்டு நின்றபோதும் அவருக்குத் தெரியும்.

"சம்பந்தி என்ன சொன்னாரு தெரியுமா? 'வீடு மாறி வந்துட்டோம் போல, மன்னிச்சுக்குங்க'ன்னு திரும்புறாரு. 'வீடு சரிதான், உள்ள வாங்க'ன்னேன். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம். அப்புறம் வந்தாரு. பொழுது சாயுற வரைக்கும் வேலை. டீ போட்டுக் குடுத்தா, வாய் நிறைய ஆணி. பாவம், சாஸர்ல துப்பிட்டுக் குடிச்சாரு. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதுல இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கும் இது புதுசு என்று முகத்தில் தெரிந்தது.

"கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'பொண்ணு என்னைப் பத்திப் பெருசா ஏதோ சொல்லியிருக்கும். அது பொய் இல்லீங்க, அதோட ஆசை. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்'னாரு. சரின்னேன். இத்தனை வருஷம் என் பிள்ளைகிட்டக்கூடச் சொல்லல. இவ ஊர்லருந்து வந்து அந்த சோபாவுல உக்காந்து பார்த்துட்டு, 'நல்ல வேலைக்காரங்க போல அத்தை, யாரு?'ன்னு கேட்டா. 'தெரிஞ்சவரு'ன்னேன். இன்னிக்கும் அதுல உக்காந்துதான் நாங்க டிவி பாக்குறோம்."

மாமியார் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மருமகளைக் குத்திக் காட்டச் சொல்லலப்பா. அவரு இருக்கிற வரைக்கும்தான் என் வாக்கு. இந்தக் கோட்டுப் போட்டவரை எனக்குப் பழக்கமில்ல. நான் ஒரு தெரிஞ்ச மனுஷருக்காக வந்தேன். அவரை எங்கன்னு தேடுறேன், அவ்வளவுதான்."



அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இஸ்திரிச் சட்டையும், பின்னால் கட்டிய கையும் மாப்பிள்ளைக்கான மரியாதை இல்லை. அவள் சொன்ன பொய்க்கு அவர் சீருடை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், ஒவ்வொரு முறையும். அவள் வீட்டுக்கு எப்போதாவது வரும்போது அந்த சோபாவில் நுனியில் மட்டும் உட்காருவார். வசதியாகச் சாய்ந்து உட்காருங்கள் அப்பா என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அது எப்படிப்பட்ட சோபா என்று அப்பாவுக்கு விளக்கக்கூடச் செய்திருக்கிறாள். நல்ல வேலைப்பாடுப்பா, கைவைத்துப் பாருங்கள் என்று. அப்பா கைவைத்துப் பார்த்தார். "ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வாய் முழுக்க இரும்பு.

கணவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "அக்கா, நீ பேசுறியா?" என்று தம்பி கேட்டான். அவள் முடியாது என்றால் விட்டுவிடவும் தயாரான குரல். இந்த ஒரு வாரத்தில் அவன் அவளிடம் இரக்கமாகப் பேசிய முதல் வார்த்தை அது. அதுவே தாங்க முடியாமல் இருந்தது.

எழுந்தாள். மேஜை அருகே போனாள். வாயைத் திறந்தாள். "அப்பா வந்து... எங்கப்பா..." உதட்டை மூடிக்கொண்டாள்.

ஏதோ உரசும் சத்தம் கேட்டது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, தகர டப்பாவை ஒரு விரலால் மேஜையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். டப்பா அவள் முன்னால் வந்து நின்றது. அடியில் துருப்பிடித்த நாலைந்து ஆணிகள், அப்பா கடைசியாகத் துப்பியவை.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு படத்தை எடுத்து, முகம் கீழே இருக்கும்படி மேஜைமேல் கவிழ்த்தாள்.

"எங்கப்பா சோபா தைக்கிறவர்" என்றாள். "இது யூனிட் இல்ல. இது அவரோட பட்டறை, இது ஒண்ணுதான். அவரை எனக்கு வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் வெட்கமா இருந்துச்சு. ஸ்பிரிங் அண்ணனைப் பேசாதீங்கன்னு சொன்னதும் நான்தான். அண்ணே, அந்தத் தியேட்டர் கதையை நீங்களே சொல்லுங்க. எனக்கு அது முழுசாத் தெரியாது."

ஸ்பிரிங் அண்ணன் மூட்டையிலிருந்து எழுந்திருக்கவில்லை. புதுச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதுதான் அவள் சிவப்பு சோபாவைப் பார்த்தாள்.

மாமியார் மட்டும் இருந்தார். பக்கத்தில் இடம் காலி. ஷட்டருக்கு வெளியே தெரு இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கேயும் யாரும் நிற்கவில்லை.

கணவர் எப்போது எழுந்தார்? சாஸரில் ஆணி துப்பிய கதையிலா, அவள் வாய் திறந்து மூடியபோதா, இல்லை எல்லாவற்றையும் கேட்டு முடித்தா? சோபாவில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். சாதாரண மெத்தையாக இருந்தால் பள்ளம் இருந்திருக்கும். எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஊகிக்கவாவது முடிந்திருக்கும்.

அப்பா தைத்தது. ஒரு சுருக்கமும் இல்லாமல், யாருமே உட்காராதது போல, முழுசாக நிமிர்ந்து நின்றது.